யானைக்குக் கூடுதல் புள்ளி: டி.பி.ஏ. விதிநூல் ஒரு மதிப்புரை

டி.பி.ஏ. என்று ஆட்டக்காரர்கள் சுருக்கிச் சொல்லும் 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிட்டாடிஸ்' விதிநூலை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: வாங்குங்கள். ஆனால் எதிரே உட்காரச் சம்மதிக்கும் ஓர் ஆளை முதலில் பிடித்துவிட்டு வாங்குங்கள். தனியாகப் படுத்துக்கொண்டு வாசிக்கும் புத்தகம் இல்லை இது. அப்படி வாசித்தால் தலைவலிதான் மிஞ்சும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழங்காலப் போர்களை விரல்நுனி உயர உலோக வீரர்களை வைத்து மேசைமேல் ஆடுவதற்கான விதிகள் இவை. இங்கிலாந்தில் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் என்ற குழு 1969இலேயே இத்தகைய விதிகளை வெளியிடத் தொடங்கிவிட்டது. டி.பி.ஏ. வந்தது 1990இல். என்னிடம் இருப்பது 2014இல் வெளியான 3.0 பதிப்பு, எழுதியவர்கள் ஃபில் பார்க்கரும் சூ லாஃப்லின்-பார்க்கரும். பழைய பாணி விதிகளுக்கு நூற்றுக்கணக்கில் பொம்மைகள் வேண்டும், கல்யாண வீட்டு மேசை வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேண்டும். இதற்கு அந்தப் பாடு இல்லை. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டே பிரிவுகள். ஒவ்வொரு பிரிவும் ஒரு சிறு தட்டின்மேல் ஒட்டிய சில வீரர்கள். 15 மில்லிமீட்டர் உருவங்கள் என்றால் தட்டின் அகலம் 40 மில்லிமீட்டர். நெருங்கி நிற்கும் ஈட்டிக்காரர்கள் நால்வர், குதிரைவீரர்கள் மூவர், கல்லும் வேலும் எறிந்துவிட்டு ஓடும் இலகு காலாட்கள் இருவர், யானை என்றால் ஒன்றே ஒன்று. இரண்டடிச் சதுரப் பலகை போதும். ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தக் கடைசி விவரத்தின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். 2023இல் மின்வெட்டு அட்டவணை பார்த்தே சமைத்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு மணி நேர இருட்டில் சார்ஜ் விளக்கை வைத்து இரண்டு ஆட்டம் முடித்து எழுந்துவிடலாம்.

நான் ஆடுவது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு நண்பரோடு. பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். நான் துறைமுகத்தில் கணக்கு எழுதுவதற்காகத் திருநெல்வேலியிலிருந்து விமானத்தில் வந்தவன். அவருக்கு நான் தம்பி, எனக்கு அவர் அண்ணா. அவருடைய தமிழ் பாட்டியிடமும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் கற்றது. கோபம் வந்தால் மட்டும் முழுசாக வரும். ஆகவே எங்கள் ஆட்டத்தில் நல்ல தமிழ் கேட்க வேண்டுமானால் அவருடைய பகடையில் ஒன்று விழ வேண்டும். வாழ்நாளெல்லாம் அலெக்சாண்டரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் அவர் எடுத்துக்கொண்டது மாசிடோனியப் படை. நான் போரஸின் இந்தியப் படை. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் மோதிய அதே இரண்டு பேர்.

இனி, இந்த விதிகளில் எதற்காகக் காசு கொடுக்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பகடை. உங்கள் முறை வந்ததும் ஆறு முகப் பகடை ஒன்றை உருட்ட வேண்டும். விழும் எண்தான் அந்த முறைக்கு உங்கள் கட்டளைப் புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிரிவை நகர்த்தலாம்; அல்லது தட்டோடு தட்டு ஒட்டி நிற்கும் ஒரு முழு வரிசையை ஒரே அணியாக நகர்த்தலாம். ஆகவே வரிசை குலையாமல் இருக்கும்வரை நீங்கள் பணக்காரர். பத்துப் பிரிவு ஒரே புள்ளியில் நடக்கும். முதல் மோதலில் ஒருவன் பின்வாங்கி இன்னொருவன் முன்னே நின்றுவிட்டால், அந்த வரிசை நாலு துண்டாகிவிடும். அதே படையை நகர்த்த இப்போது நாலு புள்ளி வேண்டும். கையில் விழுந்திருப்பது இரண்டு. யாரை நகர்த்துவது, யாரை அப்படியே கைவிடுவது? ஆட்டம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான், வேறு வேறு உருவத்தில்.

யானைக்கு இதில் இன்னொரு வம்பு. யானை உள்ள அணியை நகர்த்த ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் பகடையில் ஒன்று விழுந்தால் யானை இருந்த இடத்தில் காதை ஆட்டிக்கொண்டு நிற்கும். எதிரியின் இலகு காலாட்கள் பக்கத்துக் காட்டிலிருந்து வருவது உங்களுக்குத் தெரிகிறது, அவருக்கும் தெரிகிறது, ஒன்றும் செய்ய முடியாது. எழுதியவருக்கு யானையைப் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பத்தில் எனக்குக் கடுப்பாக இருந்தது. பிறகு யோசித்தால், கோயில் யானையை ஒரு சந்தில் திருப்பும்போது பாகன் படுகிற பாட்டைப் பார்த்த எவரும் இந்தப் புள்ளிக்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

மோதல் கணக்கு எளிது. ஒவ்வொரு வகைப் படைக்கும் காலாளுக்கு எதிராக ஓர் எண், குதிரை, யானை முதலியவற்றில் வருபவர்களுக்கு எதிராக ஓர் எண். வாள்வீரனுக்குக் காலாளை எதிர்க்க 5, குதிரையை எதிர்க்க 3. வில்லாளிக்கு நேர்மாறாக 2, 4. ஈட்டிக்காரனுக்கு இரண்டிலும் 4. இருவரும் ஒரு பகடை உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டும். குறைந்தவர் பின்வாங்குவார், எதிரியின் கூட்டுத்தொகையில் பாதியோ அதற்கும் குறைவோ என்றால் அழிவார். ஈட்டி ஈட்டியோடு மோதுகிறது, ஒருவர் 6 போட்டு மற்றவர் 2 போட்டால் 10க்கு 6, பின்வாங்கல் மட்டும். அந்த 2 ஒன்றாக விழுந்திருந்தால் 10க்கு 5, தட்டு மேசையை விட்டுப் போய்விடும். பெருக்கல் வாய்ப்பாடு கூட வேண்டாம். அண்ணாவின் பேத்தி எங்களுக்கு முன்பே விடையைச் சொல்லிவிடுகிறாள்.

இந்தக் கணக்குக்கு மேல் ஒரு சுற்றுப் பகை வைத்திருக்கிறார்கள். அங்கேதான் வரலாறு உள்ளே வருகிறது. யானையிடம் தோற்ற கனரகக் குதிரைப்படை, எவ்வளவு சிறிய வித்தியாசத்தில் தோற்றாலும் அழியும். யானை அதே மாதிரி இலகு காலாட்களிடம் தோற்றால் அழியும். இலகு காலாட்கள் திறந்த வெளியில் குதிரையிடம் தோற்றால் அழிவார்கள். ஜீலத்தில் நடந்தது இதுதானே. யானையின் வாடைக்கே குதிரைகள் மிரண்டன; மாசிடோனிய இலகு வீரர்கள் பாகர்கள்மேல் வேல் எறிந்தார்கள்; பாகன் விழுந்த யானைகள் தன் படை எதிரிப் படை என்று பாராமல் மிதித்தன. அதைப் பக்கம் பக்கமாக விளக்காமல் மூன்று வரி விதியில் அடைத்திருப்பதுதான் இந்த நூலின் சாமர்த்தியம்.

சமீபத்தில் ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொன்னால் இன்னும் விளங்கும். யார் படையெடுத்து வந்தவர் என்பதையும் பகடைதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு படைக்கும் உள்ள ஆக்கிரமிப்பு எண்ணை அதோடு கூட்ட வேண்டும். அலெக்சாண்டர் வழக்கம்போல் வந்தேறினார், நான் காப்பவன். காப்பவருக்கு நிலம் அமைக்கும் உரிமை உண்டு. நான் ஓர் ஆற்றை வைத்தேன், போரஸ் வேறு என்ன செய்வான்? ஆனால் ஆற்றின் ஆழம் யாராவது முதலில் இறங்கும்போது பகடை உருட்டித்தான் தெரியும். அண்ணா இறங்கினார், உருட்டினார், ஆறு கணுக்கால் அளவு. "தம்பி, உன் ஆற்றில் துணி துவைக்கக்கூடத் தண்ணீர் இல்லை" என்றார். வரலாற்றில் அலெக்சாண்டர் மழை இரவில் ஆற்றின் மேல்பக்கம் போய்த் திருட்டுத்தனமாகக் கடந்தார். அண்ணாவுக்கு அந்தச் சிரமமும் இல்லாமல் போயிற்று.

அவருடைய நீண்ட ஈட்டிப் படை இரட்டை வரிசையாக நடுவில் வந்தது. இந்த வகைக்குக் காலாளை எதிர்க்க எண் 3தான். ஆனால் பின்னால் இன்னொரு தட்டு நின்றால் இன்னொரு 3 கூடும். எதிரே என் வில்லாளிகளுக்கு 2. இந்தக் கணக்கைப் பார்த்தாலே போதும், அங்கே நின்று வீரம் காட்டுவதில் அர்த்தம் இல்லை. வில்லாளிகள் எய்துகொண்டே காலத்தைக் கடத்தினார்கள்; என் தட்டுகள் இரண்டு போயின. இதற்கிடையில் அவருடைய இடப்பக்கத்தில் மூன்று பிரிவுகளை என் தேர்களும் குதிரைகளும் தீர்த்திருந்தன. நான்கு பிரிவுகளை இழந்து, எதிரியைவிட அதிகமும் இழந்தவர் தோற்றவர். தளபதி விழுந்தால் கதை இன்னும் சீக்கிரம் முடியும்.

அப்போது பகடையில் எனக்கு மூன்று. யானை நிற்கும் அணிக்கு இரண்டு போக மீதி ஒன்று. அந்த ஒன்றில் வில்லாளிகளின் உடைந்த வரிசையைச் சரிசெய்யலாம். அல்லது ஒற்றைக் குதிரைப் பிரிவை அனுப்பி, யானைக்குக் குறிவைத்து நின்ற அவருடைய இலகு காலாட்களை மறிக்கலாம். குதிரையை அனுப்பினேன். யானை நேராக அலெக்சாண்டரின் தோழர் படை என்ற கனரகக் குதிரைப்படைமேல் போய் நின்றது. அண்ணா பகடையைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்கு 2, எனக்கு 5. சாதாரண வித்தியாசம்தான், வேறு பெரும்பாலான படைகளோடு மோதியிருந்தால் பின்வாங்கியிருப்பார்கள். யானை என்பதால் அந்தத் தட்டு அழிந்தது, அந்தத் தட்டில்தான் அரசர் இருந்தார். அண்ணா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்படியானால் பாபிலோனில் சாகப்போவது யார்?" என்றார்.

இதற்கு முந்தைய ஆட்டங்களில் அதே யானையை அவருடைய இரண்டு வேலெறிவோர் தின்று தீர்த்த கதையும் உண்டு. அதை அவரிடமே கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை நூலின் மொழி. ஆங்கிலம்தான், ஆனால் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று நிபந்தனை, நான்கு விலக்கு, ஒரு பின்விலக்கு. சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்ற வெறியில் ஒரு சொல்கூடத் திரும்பச் சொல்லாமல், உதாரணமும் கொடுக்காமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள். உரையில்லாமல் நூற்பாவை மட்டும் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. விதி தப்பு என்று சொல்லவே முடியாது. பத்தாவது முறை வாசித்தால் எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் பதினோராம் முறை சண்டை வந்தபிறகுதான் அந்த ஒரு காற்புள்ளியின் வேலை புரியும். அண்ணா ஒரு வாக்கியத்தை உரக்க வாசிப்பார், ஆசிரியர் குரலில் எழுவாய் எது பயனிலை எது என்று பிரிப்பார், அதற்குள் தேநீர் ஆறிவிடும். இதற்கு மருந்து நூலிலேயே பின்பக்கம் இருக்கிறது: படங்கள். தட்டுகள் எப்படித் திரும்பும், எந்த மூலை எந்த மூலையைத் தொட வேண்டும் என்பதெல்லாம் வரைந்து காட்டியிருக்கிறார்கள். புதியவர்கள் அங்கிருந்து தொடங்கி முன்பக்கம் வருவது நல்லது. ஆட்டக்காரர்கள் எழுதிவைத்த விளக்கவுரைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது குறை, மில்லிமீட்டர்ச் சண்டை. எதிரித் தட்டோடு முகத்துக்கு முகம் சரியாகப் பொருந்தி நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு நூல் இடைவெளியில் மோதல் உண்டா இல்லையா என்ற வாக்குவாதம் நட்பைச் சோதிக்கும். எங்கள் வீட்டுச் சட்டம், நோக்கம் நல்லது என்றால் தட்டை நகர்த்தி ஒட்டிக்கொள்ளலாம். போட்டிகளில் இப்படித் தாராளம் காட்டமாட்டார்கள்.

நூலின் பெரும்பகுதி படைப் பட்டியல். முந்நூறுக்கும் மேற்பட்ட பட்டியல்கள், சுமேரியர் தொடங்கி ஐரோப்பிய இடைக்காலம்வரை நான்கு பகுதிகள். நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, சேர சோழ பாண்டியர் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். இரண்டாம் பகுதியில் 42ஆம் பட்டியல், சிங்களவரோடு சேர்த்து ஒரே தலைப்பில். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தை ஒரே பட்டியலில் கட்டிவைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. சங்க காலத்துக் குறுநில மன்னனும், 1025இல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின்மேல் படை அனுப்பிய ராஜேந்திர சோழனும் ஒரே பன்னிரண்டு தட்டுக்குள் எப்படி அடங்குவார்கள்? ரோமருக்கு மட்டும் காலத்துக்குக் காலம் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. அண்ணாவிடம் இதைச் சொன்னபோது, "எழுதியவர்கள் கையில் யாருடைய சான்றுகள் இருந்தனவோ அவர்களுக்குப் பக்கம் கிடைக்கும்" என்று ஆசிரியராகவே பதில் சொன்னார். அவர் சொல்வது நியாயம்தான், எனக்கு எரிச்சல் குறையவில்லை. மற்றபடி வெட்சி, கரந்தை என்று மாடு கவர்வதிலிருந்து போரைத் திணை பிரித்த நமக்கு, நாள் குறித்துக் களம் குறித்து நேருக்கு நேர் மோதும் தும்பைப் போர் மட்டுமே இந்த விதிகளில் கிடைக்கும். முற்றுகை, கொள்ளை, பட்டினி எதுவும் பெரிதாக இல்லை.

பொம்மைகள் தனிச் செலவு. எஸ்ஸெக்ஸ் மினியேச்சர்ஸ் டி.பி.ஏ.வுக்கென்றே ஒரு முழுப் படைக்கான 15 மில்லிமீட்டர் உலோகப் பொட்டலங்களை விற்கிறது. ஒன்றொன்றாகக் கணக்குப் பார்த்து வாங்கும் தொல்லை இல்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும்போது அஞ்சல் செலவும் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். என் பொட்டலம் ஒரு கூரியர் கிடங்கில் நெடுநாள் தூங்கியது. போரஸ் அதைவிடப் பொறுமைசாலி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் அஞ்சல் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

வர்ணம் பூசுவதைப் பற்றி டர்பன்வாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. கடைசியாக அடிக்கும் பளபளப்பில்லாத வார்னிஷை ஜனவரி மாதத்து ஈரக்காற்றில் ஸ்ப்ரே டப்பாவால் அடித்தால் வீரர்கள்மேல் வெள்ளைப் படலம் பூத்துவிடும். கடற்கரை ஊரில் ஏறக்குறைய ஆண்டு பாதி இதே கதிதான். தூரிகையால் பூசும் வார்னிஷ் வாங்குங்கள், வேலை அதிகம் என்றாலும் நிம்மதி. அடுப்படி ஜன்னலோரம் காயவைப்பதாக இருந்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். குரங்குகளுக்கு ஒட்டும் பசை பிடிக்காது, ஆனால் எது பழம் எது பொம்மை என்று தெரிந்துகொள்ள ஒரு தரம் கையில் எடுத்துப் பார்த்துவிடும்.

வர்ணத்தில்தான் எனக்கு உண்மையான சந்தோஷம் கிடைத்தது. இந்தியர்கள் தாடிக்குச் சாயம் பூசினார்கள், சிலர் வெண்மை, சிலர் நீலம், சிலர் சிவப்பு, சிலர் ஊதா, சிலர் பச்சை என்று அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் சொன்னதை அர்ரியன் எழுதிவைத்திருக்கிறார். அதே இடத்தில்தான் ஆள் உயர வில்லை நிலத்தில் ஊன்றி இடக்காலால் மிதித்து நாண் இழுத்தார்கள் என்ற செய்தியும் வருகிறது. ஆகவே என் வில்லாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறத் தாடி. ஒரு தாடி கடுகளவுகூட இருக்காது. மூன்று முடி உள்ள தூரிகையின் நுனியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தொடுதல். பச்சைத் தாடிக்காரன் ஒருவனைக் கையில் எடுத்துப் பார்த்த அண்ணி, "இந்தப் பையனுக்கு என்ன வியாதி?" என்று கேட்டார். யானைகளுக்கு நான் அம்பாரி வைக்கவில்லை. கழுத்தில் பாகன், முதுகில் வேல் பிடித்த வீரன், அவ்வளவே. அம்பாரிக் கோபுரம் பிற்காலத்தது என்பது அண்ணாவின் கட்சி. அவர் எதிரி என்றாலும் இதில் அவர் பேச்சைக் கேட்டேன்.

அவருடைய சங்கடம் ஈட்டிகள். மாசிடோனிய ஈட்டியின் நீளம் ஐந்தரை மீட்டர் அளவில் இருந்தது. இந்த அளவுப் பொம்மையில் அது ஐந்தரை சென்டிமீட்டர். மெல்லிய உலோகத்தில் வார்த்த ஈட்டி, பெட்டியைத் திறக்கும்போதே வெயிலில் வாடிய கீரைத்தண்டாகக் கிடக்கும். அண்ணா அத்தனையையும் வெட்டியெறிந்துவிட்டு, விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி, நுனியைப் பிளேடால் சீவி, பசை வைத்துச் செருகினார். வளையவே வளையாது, கை வைத்தால் குத்தும். அவருடைய படையை நகர்த்தும்போது என் விரலில் ரத்தம் வந்ததுண்டு. இந்த ஆட்டத்தில் எனக்கு ஏற்பட்ட ஒரே உண்மையான போர்க்காயம் அதுதான்.

வர்ணமெல்லாம் பூச எனக்குக் கை வராது, நேரம் இல்லை என்பவர்கள் 'கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்' பக்கம் போகலாம். ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து ஜி.எம்.டி. நிறுவனம் 2006இல் வெளியிட்டது. அறுகோணக் கட்டப் பலகை, ஸ்டிக்கர் ஒட்டும் மரக்கட்டைகள், கட்டளைக்குச் சீட்டு. மில்லிமீட்டர்ச் சண்டைக்கே அதில் இடமில்லை, விதிநூலும் மனிதர் வாசிக்கும்படி இருக்கிறது. ஆனால் அதில் கட்டளைச் சீட்டை முன்கூட்டியே கையில் வைத்துத் திட்டம் போடலாம். டி.பி.ஏ.யில் அடுத்த பகடை என்னவென்று எவருக்கும் தெரியாது. எனக்கு அந்தப் பதற்றம் பிடித்திருக்கிறது. அண்ணாவுக்குச் சீட்டு பிடிக்கும். ஆகவே எங்கள் வீடுகளில் இரண்டும் உண்டு. தைப்பூசக் காவடிக்கும் ஆடிக் கூழுக்கும் அவர் கோயிலில் நிற்கும் வாரங்கள் நீங்கலாக, யார் வீட்டில் ஆடுகிறோமோ அவருக்குப் பிடித்த ஆட்டம்.

எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், விதிகளுக்கு ஐந்தில் நாலரை, அவற்றை எழுதிய உரைநடைக்கு இரண்டு, படைப் பட்டியலுக்கு நாலு. சதுரங்கம் ஆடிச் சலித்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். தேர், யானை, குதிரை, காலாள் நான்கும் இங்கே நிஜமாகவே நான்கு விதமாக நடந்துகொள்கின்றன. அதிர்ஷ்டத்தை வெறுப்பவர்கள் கிட்டப் போக வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் பெரியவர் ஒருவர் விதிகளை முதலில் செரித்துவிட்டு வாயால் சொல்ல வேண்டும்; புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்தால் அன்றோடு ஆசை போய்விடும்.

வாங்குவதானால் முதலில் புத்தகம் மட்டும் வாங்குங்கள். 40 மில்லிமீட்டர் அகலத்தில் இருபத்துநான்கு அட்டைத் துண்டுகள் வெட்டி, 'யானை', 'வில்', 'குதிரை' என்று பேனாவால் எழுதி நாலைந்து ஆட்டம் ஆடிப் பாருங்கள். பிடித்திருந்தால் பொம்மைக்குப் பணம் அனுப்பலாம். அப்போதும் ஒரு படைக்கு இரண்டு படையாக வாங்குங்கள், ஒன்றையொன்று எதிர்த்த இரண்டு படை. எதிரே உட்காருபவர் தன் படையைக் கட்டி முடிக்கும்வரை காத்திருந்தால் உங்களுக்கு வயதாகிவிடும். பலகையின் பக்கத்தில் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய எங்கள் ஊர் 'பன்னி சாவ்' வைக்காதீர்கள். குழம்பு எண்ணெய் பட்ட அட்டைத் தட்டில் பசை மறுபடி ஒட்டாது.